பெட்ரோல் ரசீதும் அமானிதமும்

சகோதரிகளே! இந்தக் கட்டுரை உங்களுக்காக எழுதப்படுகிறது. ஆண்களும் படிக்கலாம், படிக்கத்தான் வேண்டும். ஏனெனில் பல வீடுகளில் உழைப்பு உங்களுடையது, வண்டியின் ஆர்.சி. புத்தகமோ அவர்கள் பெயரில்!

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீட்டின் முன்னறையை ஒழித்து, பாய் விரித்து, தொட்டில் கட்டி, வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைக் காலையிலிருந்து மாலை வரை பார்த்துக்கொள்ளும் பெண்கள் நம்மில் இருக்கிறார்கள். கணவர் வெளிநாட்டில் இருப்பவர், கணவரை இழந்தவர், தலாக் ஆகித் தாய்வீட்டில் இருப்பவர், படித்துவிட்டு வெளியே வேலைக்குப் போக வழியில்லாதவர் எனப் பலதரப்பட்டவர்கள். அவர்களிடம் விடப்படும் பிள்ளைகள் நம் பிள்ளைகள் மட்டுமல்ல. நர்ஸ் வீட்டுப் பிள்ளை, ஆசிரியை வீட்டுப் பிள்ளை, துணிக்கடையில் நிற்கும் பெண்ணின் பிள்ளை என்று எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்கே ஒரே பாயில் தூங்குகிறார்கள். மேடை போட்டுப் பேசும் மதநல்லிணக்கத்தைவிட இது பெரிது என்பது என் கருத்து.

இது சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2006 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கை என்ன சொன்னது? வேலை செய்யும் முஸ்லிம் பெண்களில் 70 சதவீதம் பேர் தம் வீட்டுக்குள்ளேயே வேலை செய்கிறார்கள் என்றது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் அது 51 சதவீதம்தான். பீடி சுற்றுவதும், பூ வேலை செய்வதும், பாய் முடைவதும், பிள்ளைகளைப் பார்ப்பதும் இந்தக் கணக்கில் அடங்கும். வீட்டுக்குள் நடக்கும் வேலைக்குக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாத வேலைக்கு மதிப்பும் இல்லை. இதை மாற்ற வேண்டியது நாம்தான்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். பயான் முடிந்ததும் திரைக்கு அப்பாலிருந்து துண்டுச் சீட்டில் வரும் கேள்விகளில் ஒன்று இது: "ஹஜ்ரத், பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வேன் வைத்திருக்கிறேன். பெட்ரோல், ரிப்பேர், இன்ஷூரன்ஸ் செலவை வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாமா? கழித்தால் அது ஹலாலா?"

இரண்டு கேள்விகள் இதில் இருக்கின்றன. முதலாவதைச் சட்டம் தெரிந்த ஆடிட்டரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு எழுதுகிறேன். இரண்டாவதற்கு நான் பொறுப்பு.

கழிக்கலாம். தொழிலுக்காகவே முழுமையாகச் செய்த செலவைக் கழித்துக்கொள்ள 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 37ஆவது பிரிவு இடம் தந்தது. வண்டியின் தேய்மானத்துக்கு 32ஆவது பிரிவு. வண்டி தொழிலுக்கும் வீட்டுக்கும் பொதுவாக ஓடினால் தொழிலுக்கு ஓடிய பங்கை மட்டும் கழிக்க வேண்டும் என்பது 38ஆவது பிரிவின் 2ஆவது உட்பிரிவு. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமானவரிச் சட்டம் வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன. இந்த அடிப்படை மாறவில்லை.

அமெரிக்காவில் இதே போல வீட்டில் பிள்ளைகளைப் பார்க்கும் பெண்களுக்கு ஒரு சுலபவழி இருக்கிறது. மைலுக்கு இத்தனை சென்ட் என்று அரசே அறிவித்துவிடும். 2025இல் அது 70 சென்ட். ஓடிய மைலைப் பெருக்கினால் கணக்கு முடிந்தது. நம் நாட்டில் தொழில் நடத்துபவருக்கு அப்படி ஒரு கிலோமீட்டர் விகிதம் இல்லை. உண்மையில் செய்த செலவு, அதற்கு ரசீது, அதில் தொழிலின் பங்கு: இந்த மூன்றையும் நீங்கள்தான் காட்ட வேண்டும்.

பங்கு என்றால் என்ன? விழுப்புரத்தில் வழுதரெட்டியிலும் சாலாமேட்டிலும் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வந்தால் அது தொழில். காப்பகத்துக்குப் பால், பிஸ்கட், பாய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனால் அதுவும் தொழில். அதே வண்டியில் ஞாயிற்றுக்கிழமை செஞ்சியில் நடக்கும் உறவுக்காரர் நிக்காஹ்வுக்குப் போனால், மரக்காணம் கடற்கரைக்குப் பிள்ளைகுட்டிகளோடு போனால், முண்டியம்பாக்கம் மருத்துவமனையில் இருக்கும் மாமியாருக்குச் சாப்பாடு கொண்டுபோனால் அது வீடு. மாமியாருக்குச் சோறு கொண்டுபோவதில் நன்மை உண்டு, வரிக்கழிவு இல்லை!

இந்த இடத்தில் கலீஃபா உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களைப் பற்றி வரலாற்றில் சொல்லப்படும் நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. அரசு வேலையாக விளக்கேற்றி எழுதிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து அவருடைய குடும்ப நலம் விசாரிக்கிறார். உடனே அரசு எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டுச் சொந்த விளக்கை ஏற்றச் சொல்கிறார். இதை எத்தனை பயானில் கேட்டிருப்பீர்கள்! கேட்டுச் "சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லியிருப்பீர்கள்! 38ஆவது பிரிவு உங்களிடம் கேட்பதும் இதைத்தான். எந்தப் பயணத்துக்கு எந்த எண்ணெய்? காப்பகத்தின் பெட்ரோலில் நிக்காஹ்வுக்குப் போய்விட்டு, அதையும் தொழில் செலவு என்று எழுதினால், அந்த விளக்கு அணைக்கப்படாமல் எரிகிறது என்று பொருள்.

"அது அரசாங்கத்தை ஏமாற்றுவதுதானே, தனி மனிதரையா ஏமாற்றுகிறோம்? இந்த அரசாங்கம் நமக்கு என்ன செய்தது?" என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். அரசாங்கம் நமக்குச் செய்யாதவற்றின் பட்டியல் நீளமானது. இந்த ஏட்டில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், வீதியில் இறங்கியும் கேட்கிறோம். அதற்காகப் பொய் எழுத நமக்கு மார்க்கம் அனுமதி தரவில்லை. உரிமை கேட்கும் கை சுத்தமாக இருக்க வேண்டாமா?

சரி, ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்காக நானே வைத்துக்கொள்ளும் கணக்கு. பாத்திமா என்று ஒரு சகோதரி என வைத்துக்கொள்ளுங்கள். இருபது பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 1,500 ரூபாய். வருடத்துக்கு 3,60,000. பத்துப் பிள்ளைகளுக்கு வேன், ஆளுக்கு மாதம் 500. அது வருடத்துக்கு 60,000. ஆக வரவு 4,20,000. ஆயா சம்பளம் மாதம் 6,000 வீதம் 72,000. பால், தின்பண்டம், மின்சாரம், விளையாட்டுச் சாமான் 40,000.

இப்போது வேன். விலை நான்கு லட்சம். வருடம் முழுவதும் ஓடியது 12,000 கிலோமீட்டர், அதில் காப்பகத்துக்கு 7,500. அதாவது 62.5 சதவீதம். பெட்ரோல் 90,000, ரிப்பேர், டயர் 18,000, இன்ஷூரன்ஸ் முதலியவை 12,000, மொத்தம் 1,20,000. இதில் தொழிலின் பங்கு 75,000. காருக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 15 சதவீதம். (வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அதில் பாதிதான். வண்டியை வாடகைக்கு விடுவதே தொழிலாக இருப்பவருக்கு 30 சதவீதம் உண்டு. காப்பக வேனுக்கு 15 என்று வைத்துக்கொள்வதே பத்திரம்.) நான்கு லட்சத்துக்கு 60,000, அதில் 62.5 சதவீதம் 37,500. இரண்டையும் கூட்டினால் வேனுக்கான கழிவு 1,12,500.

"மாஷா அல்லாஹ், ஒரு லட்சத்துக்கு மேல் கழிவா!" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பாத்திமாவுக்கு வரியே கிடையாது! 2025–26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி நான்கு லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேலும் 12 லட்சம் வரை உள்ள சாதாரண வருமானத்துக்குத் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யமாகிவிடுகிறது. செலவெல்லாம் போக அவர் கையில் நிற்பது 1,95,500. பெட்ரோல் ரசீதைக் கழித்தாலும் வரி இல்லை, கழிக்காவிட்டாலும் வரி இல்லை.

அப்படியானால் ரசீதை அடுப்பில் போட்டுவிடலாமா? அங்கேதான் நம்மவர்கள் தவறுகிறார்கள். வரி இல்லை என்றால் கணக்கும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். வேனுக்காகப் பாத்திமா வாங்குவது வருடத்துக்கு 60,000 ரூபாய். வேன் தின்பது 1,12,500. வருடத்துக்கு 52,500 ரூபாயை அந்தச் சகோதரி தன் உழைப்பிலிருந்து எடுத்து வேனுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறார்! கிலோமீட்டருக்குப் பதினைந்து ரூபாய் ஆகிறது என்பது அவருக்குத் தெரியாது. பெட்ரோல் போடும்போது ஐந்நூறு, ஆயிரமாகப் போடுவதால் தெரிவதில்லை. தேய்மானம் கையிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை என்பதால் அது செலவாகவே தோன்றுவதில்லை. ஏழு வருடம் கழித்து வண்டி நின்றுபோகும்; புது வண்டி வாங்கக் கையில் காசு இருக்காது; அப்போதுதான் "பரக்கத் இல்லையே" என்று வருந்துவார். பரக்கத் இல்லாமல் போகவில்லை, சகோதரி! எழுதி வைக்காததால் எங்கே போனது என்று தெரியவில்லை.

குர்ஆனிலேயே நீளமான வசனம் எது? சூரா பகராவின் 282ஆவது வசனம். அது எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றி, சாட்சி வைப்பதைப் பற்றி. ஓதி ஓதிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆக்குகிறோம்; வீட்டில் ஒரு கணக்கு நோட்டு இல்லை.

அடுத்ததற்கு வருகிறேன். சிறு தொழில் செய்வோருக்கு 44ஏடி என்ற பிரிவில் ஒரு சலுகை இருந்தது; புதிய சட்டத்திலும் அதற்கு இணையானது இருக்கிறது. கணக்குப் புத்தகம் காட்டத் தேவையில்லை. மொத்த வரவில் 8 சதவீதத்தை, வங்கி வழியாக வந்த வரவானால் 6 சதவீதத்தை, லாபம் என்று காட்டினால் போதும். இந்த முறையில் போனால் பெட்ரோல், தேய்மானம் எதையும் தனியாகக் கழிக்க முடியாது. எல்லாம் அதற்குள் அடக்கம். சட்டமே தந்த சலுகை இது, இதில் பொய் இல்லை. ஆனால் ரிட்டர்ன் போட்டுத் தருபவர் நம்மைக் கேட்காமலே கீழ்வரம்பைப் போட்டுவிடுகிறார். பாத்திமாவின் 4,20,000க்கு 8 சதவீதம் 33,600. மாதத்துக்கு 2,800 ரூபாய்! இருபது பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்க்கும் பெண்ணின் சம்பாத்தியம் மாதம் 2,800 என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்.

அதனால் என்ன என்கிறீர்களா? திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே உள்ள சாலை சென்னை–திருச்சி நெடுஞ்சாலை. அதில் வாரந்தோறும் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை; எத்தனை ஜனாஸா தொழுகைகளில் நாம் நின்றிருக்கிறோம்! அல்லாஹ் பாதுகாப்பானாக. அந்த வேன் விபத்தில் சிக்கி அந்தச் சகோதரிக்கு ஏதாவது ஆகிவிட்டால், இழப்பீடு கேட்டுக் குடும்பம் தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, மாத வருமானம் எவ்வளவு என்பது. 2019 டிசம்பரில் தமிழகத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம், வருமானவரி ரிட்டர்ன் சட்டப்படியான ஆவணம், அது இருந்தால் அதை வைத்தே ஆண்டு வருமானத்தைக் கணக்கிடலாம் என்று தீர்ப்பளித்தது. 2,800 என்று எழுதிக் கொடுத்துவிட்டு, "உண்மையில் பதினாறாயிரம் வந்தது" என்று பிள்ளைகள் நின்று அழுதால் யார் கேட்பார்கள்?

எட்டு சதவீதம் என்பது கீழ்வரம்புதான். உண்மையான லாபம் அதைவிட அதிகம் என்றால் அந்த அதிகத் தொகையையே காட்ட அதே பிரிவு இடம் தருகிறது. பாத்திமா 1,95,500 என்று காட்டலாம். வரி அப்போதும் பூஜ்யம். உண்மையைச் சொல்வதற்கு ஒரு பைசா செலவில்லாத இடத்திலும் நாம் ஏன் குறைத்துச் சொல்ல வேண்டும்?

நம்மில் பலருக்கு மூன்று முகம் இருக்கிறது. வருமானவரிக்கு ஒரு தொகை. பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் வருமானச் சான்று வாங்க அதைவிடக் குறைந்த ஒரு தொகை. தொழிலுக்கு உதவி கேட்டுப் போகும்போது மட்டும் நெஞ்சை நிமிர்த்தி ஒரு பெரிய தொகை. இரண்டு முகம் கொண்டவனை மார்க்கம் எந்தப் பெயரால் அழைக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று முகத்துக்கு என்ன பெயர் வைப்பது?

இதில் இடையில் புகுந்து பிழைப்பவர்கள் வேறு. "ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று வருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். இல்லாத கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்தவர்கள் மீது 2025 ஜூலை 14 அன்று நாடு முழுவதும் 150 இடங்களில் வருமானவரித் துறை சோதனை போட்டது. தமிழ்நாடும் அதில் ஒன்று. பிடிபட்டால் மாட்டுவது கமிஷன் வாங்கியவர் மட்டுமல்ல, கையெழுத்துப் போட்ட நீங்களும்தான். திரித்துக் காட்டிய வருமானத்துக்கு அதன் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் என்று சட்டம் சொல்கிறது.

வண்டி யார் பெயரில் என்ற விஷயத்தை ஆண்கள் கவனிக்க வேண்டும். தேய்மானம் கேட்பவருக்கு அந்தச் சொத்து உரிமையாக இருக்க வேண்டும். தொழில் மனைவி பெயரில், வேன் துபாயில் இருக்கும் கணவர் பெயரில் என்றால் மனைவியால் தேய்மானம் கேட்பது சிக்கல். தான் போட்ட பெட்ரோலை, தான் கொடுத்த ரிப்பேர் கூலியைத்தான் கேட்க முடியும். பெண்ணுக்குச் சொந்தச் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையைப் பதினான்கு நூற்றாண்டுக்கு முன்பே தந்த மார்க்கம் நம்முடையது என்று மேடையில் முழங்குகிறோம். வீட்டு வாசலில் நிற்கும் வேனின் ஆர்.சி. புத்தகத்தில் அது தெரிய வேண்டாமா? அவள் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டி என்றால் அவள் பெயரில் பதியுங்கள். கணவர் இலவசமாகக் கொடுத்த சொத்தில் வரும் வருமானத்தைக் கணவர் கணக்கில் சேர்க்கும் விதி ஒன்றும் உண்டு. அப்படிக் கொடுப்பதாக இருந்தால் முதலில் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது ரொக்கம் கொடுக்காதீர்கள். ஒருவருக்கு ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை வண்டியின் விலையில் சேராது. அதற்குத் தேய்மானமும் இல்லை. ரிப்பேருக்கும் இதே பத்தாயிரம் வரம்புதான். வட்டிக்குப் பயந்து வங்கியின் வாசலையே மிதிக்காத நல்ல மனிதர்கள் நம்மில் உண்டு. அவர்கள் தக்வாவை நான் மதிக்கிறேன். ஆனால் காசோலை கொடுப்பதும், கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றுவதும் வட்டியல்ல. நடப்புக் கணக்கில் வட்டியே கிடையாது.

வட்டிக்குக் கடன் வாங்கி வேன் எடுத்தால் அந்த வட்டியையும் தொழில் செலவாகக் கழிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. கடன் விற்கும் ஆட்கள் இதைத்தான் பெரிய ஆதாயம் போலச் சொல்வார்கள். சட்டம் கழித்தாலும் மார்க்கம் கழிக்கவில்லை. ரிபா ரிபாதான். அதிலும், வரியே இல்லாத உங்களுக்கு அந்தக் கழிவால் என்ன ஆதாயம்? நம் ஜமாஅத்துகளின் பைத்துல்மாலில் திருமண உதவிக்கும் மருத்துவ உதவிக்கும் கொடுக்கிறோம், நல்லது. உழைக்கும் ஒரு பெண்ணுக்குப் பழைய வேன் ஒன்று வாங்கக் கர்ழன் ஹஸனாவாக இரண்டு லட்சம் கொடுத்து, மாதம் நாலாயிரம் திரும்ப வாங்கினால் என்ன? மறுமுறை உதவி கேட்டு அவள் வாசலுக்கு வரமாட்டாள். கொடுப்பவர் கேட்கும் முதல் தாள் எது? வரவு செலவுக் கணக்கு. அது இல்லாமல் எந்த முதவல்லி துணிந்து பணத்தை எடுத்துக் கொடுப்பார்?

ஜகாத் பற்றியும் கேட்கிறீர்கள். தொழிலுக்கு ஓடும் வேனுக்கு ஜகாத் இல்லை. கையில் சேர்ந்து நிஸாபை எட்டி, ஆண்டு கடந்த பணத்துக்கு உண்டு. வருமானவரிக்கு எட்டு சதவீதம் காட்டிய கணக்கை ஜகாத்துக்கும் வைத்துக்கொள்ளக் கூடாது. அங்கே ஆடிட்டரின் கையெழுத்து உதவாது.

இன்னொன்று, வரியைவிட முக்கியமானது. வெள்ளை போர்டு வண்டியில் கட்டணம் வாங்கிப் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 10,000 ரூபாய் அபராதம். சிறைக்கும் இடம் உண்டு. அந்த அபராதத்தை வரிக் கணக்கில் கழிக்க முடியாது, குற்றத்துக்குச் செலவிட்ட பணத்துக்குக் கழிவு கிடையாது. அபராதம்கூடப் போகட்டும். சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த இன்ஷூரன்சில் கட்டணம் கொடுத்த பிள்ளைகள் ஏறியிருந்தால், கம்பெனி கைவிரிக்க நீங்களே வழி திறந்து வைக்கிறீர்கள். 2012இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதன்பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. பிறர் நம்பி ஒப்படைத்த பிள்ளை அமானிதம். எஃப்.சி. இல்லாத வண்டியில் அந்த அமானிதத்தை ஏற்றி, அதற்குப் பெட்ரோல் ரசீது மட்டும் சரியாக வைத்திருந்து என்ன பயன்?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மக்தப் பிள்ளைகள் போன பிறகு மதரஸா கட்டடம் மாலையில் காலியாக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அஸருக்குப் பின் ஒன்றரை மணி நேரம், பெண்களுக்கு மட்டும், ஓர் ஆடிட்டரை அழைத்து உட்கார வையுங்கள். பெண் ஆடிட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. மாவட்ட நிர்வாகத்திடமும் நாம் கேட்க வேண்டியது இருக்கிறது. கடன் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அலுவலகங்கள், வீட்டில் தொழில் செய்யும் பெண் எந்தக் கணக்கை எப்படி எழுத வேண்டும் என்று எளிய தமிழில் நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றையாவது அதோடு சேர்த்துத் தரட்டும். விழுப்புரம் பெருந்திட்ட வளாகத்தில் இதற்கான மனுவைக் கொடுக்கும்போது நம் பெண்களே முன்வரிசையில் நிற்க வேண்டும்.

நோட்டு எப்படி எழுதுவது என்று கேட்பவர்களுக்கு: நாற்பது பக்க நோட்டு போதும். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1 காலையில் வண்டியின் மீட்டர் காட்டும் எண்ணை முதல் வரியில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் தேதி, கிளம்பும்போது மீட்டர், திரும்பும்போது மீட்டர், எங்கே, எதற்கு. "ரோசணை, கிடங்கல், பிள்ளைகள்" என்று மூன்று சொல் போதும். வீட்டு வேலையாகப் போனால் "வீடு" என்று ஒரு சொல். பெட்ரோல் பங்க் ரசீதின் மை சில மாதத்தில் அழிந்துவிடும்; அன்றே செல்போனில் படம் எடுத்துவிட்டு, தாளை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். மார்ச் 31 இரவு கடைசி எண்ணை எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஏற்கெனவே ஆண்டின் நடுவில் இருக்கிறீர்கள் என்றால் ஏப்ரலுக்குக் காத்திருக்க வேண்டாம், நாளை காலை ஃபஜ்ருக்குப் பின் மீட்டரைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.